இளங்கொடி விழும்வரை கன்று காத்திருக்கலாமா? சீம்பாலும் சீம்பால் மாற்றுப் பொடியும்

கன்று பிறந்து நாலு மணி நேரம் ஆகிறது. தாய்மாடு நக்கி நக்கிக் காயவைத்துவிட்டது. கன்றும் இரண்டு தடவை விழுந்து, மூன்றாம் தடவை நாலு காலையும் அகட்டி ஊன்றி நின்று, மடி எங்கே என்று தெரியாமல் தாயின் முன்னங்கால் சந்தில் முட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்து, கழுத்தில் கயிறு போட்டு, மடி எட்டாத தூரத்தில் கட்டிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "இளங்கொடி இன்னும் போடலையே, போட்டதும் ஊட்ட விடலாம்" என்பார்கள். இளங்கொடி என்பது ஈன்றபின் வெளியே வந்து விழும் நஞ்சுக்கொடி. தமிழ்நாட்டில் மாடு வைத்திருக்கும் ஊர்களில் இந்தப் பேச்சு புதிதல்ல.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 'சீம்பால் பொடி', 'சீம்பால் மாற்று' என்று பாக்கெட்டுகள் விற்பனைக்கு வருகின்றன. அதைக் கலக்கிக் கொடுத்தால் போதும், தாய்ப்பால் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். முட்டையையும் விளக்கெண்ணெயையும் பாலில் அடித்துக் கொடுத்தாலே போதும் என்பவர்களும் உண்டு. எது எதற்குப் பதிலாகும், எது ஆகாது என்பதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் சீம்பால், அதாவது ஈன்றதும் மாடு சுரக்கும் முதல் பால், கன்றின் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அது தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் வெறும் கூட்டல் பெருக்கல்தான்.

கன்றின் ரத்தத்தில் என்ன இல்லை

மனிதக் குழந்தைக்கு, தாயின் ரத்தத்தில் இருக்கும் நோய் எதிர்ப்புப் புரதங்கள் வயிற்றில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாக வந்து சேர்ந்துவிடும். மாட்டுக்கு அந்த வசதி கிடையாது. மாட்டின் நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தத்துக்கும் கன்றின் ரத்தத்துக்கும் நடுவே திசு அடுக்குகள் அதிகம். ஆக்சிஜன் கடக்கும், சர்க்கரை கடக்கும், இந்தப் பெரிய புரதங்கள் கடக்காது. எருமை, ஆடு, குதிரை, பன்றி எல்லாவற்றுக்கும் இதே கதை. அதனால் பிறந்த நிமிடத்தில் கன்றின் ரத்தத்தைச் சோதித்தால் எதிர்ப்புப் புரதம் கிட்டத்தட்ட பூஜ்யம் என்றுதான் வரும்.

இந்தப் புரதங்களின் பெயர் இம்யூனோகுளோபுலின். அதில் பல வகை உண்டு, மாட்டுச் சீம்பாலில் பெரும்பங்கு ஐஜிஜி (IgG) என்ற வகை. பாக்கெட்டிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கும் என்பதால் இனி ஐஜிஜி என்றே வைத்துக்கொள்வோம்.

கன்று தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்ளாதா? தயாரிக்கும். ஆனால் அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரைக்கும் தாய் கொடுத்த கடனில்தான் ஓட வேண்டும், அந்தக் கடனும் நாளாக ஆகக் கரைந்துகொண்டே வரும். தாயின் பங்கு குறைந்து சொந்த உற்பத்தி இன்னும் ஏறாத இரண்டாம், மூன்றாம் வாரம் கன்றுக்குக் கண்டம் என்று சொல்வதற்கு இதுதான் அர்த்தம்.

1922இல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித், ரால்ஃப் லிட்டில் என்ற இருவர் இதை நேரடியாகவே பார்த்துவிட்டார்கள். சீம்பால் குடித்த 10 கன்றுகளும் பிழைத்தன. சீம்பால் கொடுக்காமல் சாதாரணப் பால் மட்டும் கொடுத்த 12 கன்றுகளில் 9 செத்தன. நூறு வருஷத்துக்கு முந்திய சங்கதி, ஆனாலும் இன்றைக்கும் கன்று வளர்ப்புப் பாடம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

சீம்பால் ஏன் அடுப்பில் கட்டியாகிறது

சாதாரணப் பாலைக் காய்ச்சினால் பொங்கும். சீம்பாலைக் காய்ச்சினால் சட்டியிலேயே திரண்டு, கரண்டியை நிறுத்தினால் நிற்கும் அளவுக்கு இறுகிவிடும். வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் கிண்டி அக்கம்பக்கத்துக்குக் கிண்ணத்தில் கொடுத்தனுப்புவோமே, அதேதான். சில ஊரில் கடும்பு என்பார்கள். அது அப்படி இறுகுவதற்குக் காரணம் அதில் இருக்கும் புரதத்தின் அளவு. சூடு பட்டதும் உறைந்துபோகும் அந்தப் புரதங்களில் ஐஜிஜியும் சேர்த்தி. கிண்ணத்தில் மஞ்சளாக நடுங்கும் அந்தக் கட்டியில் ஒரு பகுதி, கன்றின் ரத்தத்தில் ஓடியிருக்க வேண்டியது.

கணக்கில் சொன்னால், சாதாரணப் பசும்பாலில் புரதம் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். கன்று ஈன்றபின் முதல் கறவையில் அது சுமார் 14 சதவீதம். இரண்டாம் கறவையில் 8.4, மூன்றாம் கறவையில் 5.1. ஐஜிஜியும் இதே வேகத்தில் இறங்கும். அதாவது 'சீம்பால்' என்று நாம் மூன்று நாலு நாளைக்குச் சொல்லும் பால் எல்லாம் ஒன்றல்ல, கன்றுக்கு உயிர் கொடுப்பது முதல் கறவை. வைட்டமின் ஏ, கொழுப்பு, வளர்ச்சிக்கு உதவும் ஹார்மோன்கள் எல்லாம் அதில் கூடுதல். சர்க்கரை மட்டும் குறைவு.

இந்தப் புரதம் மடியில் திடீரென்று உண்டாவதில்லை. ஈனுவதற்கு முந்திய மூன்று நாலு வாரங்களில் தாயின் ரத்தத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மடிக்கு வந்து சேர்கிறது. அதனால்தான் ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே பால் வற்றவைக்கச் சொல்கிறார்கள். கடைசிவரை கறந்துகொண்டே இருந்த மாட்டிடம், பார்க்க மஞ்சளாக இருந்தாலும், நீர்த்த சீம்பால்தான் வரும். ஈனுமுன்பே காம்பிலிருந்து பால் ஒழுகிக்கொண்டிருந்த மாட்டுக்கும் இதே நிலைமை.

குடல் திறந்திருக்கும் நேரம்

புரதத்தைச் சாப்பிட்டால் வயிறு அதை உடைத்துச் செரித்துவிடும், அதுதான் வழக்கம். அப்படியானால் எதிர்ப்புப் புரதம் உடையாமல் முழுசாக ரத்தத்துக்கு எப்படிப் போகிறது?

பிறந்த சில மணி நேரத்துக்குக் கன்றின் சிறுகுடல் ஓர் ஓட்டைச் சல்லடை மாதிரி இருக்கிறது. குடலின் உள்சுவரில் அப்போது இருக்கும் செல்கள் பெரிய மூலக்கூறுகளையும் அப்படியே விழுங்கி மறுபக்கம் ரத்தத்துக்குத் தள்ளிவிடும். வயிற்றில் அமிலமும் அப்போது குறைவு. புரதத்தைச் செரிக்கும் நொதியைத் தடுக்கும் பொருளும் சீம்பாலிலேயே இருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஐஜிஜி உடையாமல் ரத்தத்துக்குப் போக வழிசெய்கின்றன.

ஆனால் அந்தச் செல்கள் வேகமாக உதிர்ந்து, செரிக்க மட்டுமே தெரிந்த புதுச் செல்கள் வந்துவிடும். முதல் இரண்டு மணி நேரம் உச்சம். ஆறு மணி நேரத்துக்குள் நன்றாகவே இறங்கிவிடும். 12 மணி நேரத்தில் கொஞ்சம்தான் மிச்சம். 24 மணி நேரத்தில் மூடியே விடும். இதற்குக் குடல் மூடல் என்று பெயர். அதற்குமேல் எத்தனை லிட்டர் சீம்பால் கொடுத்தாலும் ரத்தத்துக்குப் போகாது. குடலுக்குள் தங்கி அங்கே வரும் கிருமிகளோடு சண்டை போடும், அந்த மட்டில் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கொடுப்பதும் வீண் இல்லை. ஆனால் முதல் நாளில் தவறவிட்டதை அது ஈடுகட்டாது.

இதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. சல்லடைக்கு நல்லது கெட்டது தெரியாது. சீம்பாலுக்கு முன்னால் தொழுவத்துச் சாணியும் மூத்திர ஈரமும் கன்றின் வாய்க்குள் போனால், அந்தக் கிருமிகளும் அதே வழியில் ரத்தத்துக்குப் போய்விடும். பசியோடு கட்டிவைத்த கன்று சும்மா இருக்குமா? சுவரை நக்கும், கயிற்றைச் சப்பும், தரையில் கிடப்பதை வாயில் போடும்.

சரி, இளங்கொடி?

மாட்டுக்கு இளங்கொடி சாதாரணமாக 12 மணி நேரத்துக்குள் விழும். மூன்று மணி நேரத்திலும் விழலாம், எட்டு மணி நேரமும் ஆகலாம். மேலே சொன்ன குடல் நேரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எட்டு மணி நேரம் காத்திருந்தால் நல்ல நேரத்தில் பெரும்பங்கு போய்விட்டது. இளங்கொடி தங்கிப்போய் மறுநாள் டாக்டர் வந்து பார்க்கும்வரை கன்றை நிறுத்திவைத்திருந்தால், கணக்கு முடிந்தது.

பால் கறந்தால் கொடி உள்ளேயே நின்றுவிடும் என்பது பயம். நடப்பது நேர்எதிர். கன்று முட்டி முட்டி ஊட்டும்போது மாட்டின் உடம்பில் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. பால் இறங்குவது அதனால்தான், கருப்பை சுருங்குவதும் அதே ஹார்மோனால்தான். கருப்பை சுருங்கினால்தானே கொடி கழன்று விழும்? ஆக, கொடி விழ வேண்டுமென்று நினைப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை கன்றை அவிழ்த்துவிடுவது. விழுந்த கொடியை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவதோ, குழிதோண்டிப் புதைப்பதோ உங்கள் வழக்கம், அதில் கன்றுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

பெரியவர்களைக் குறை சொல்லவும் இதில் அவ்வளவு இடமில்லை. மேய்ச்சலில் ஈன்ற நாட்டு மாட்டின் கன்று, யாரும் பார்ப்பதற்கு முன்பே எழுந்து நின்று குடித்து முடித்திருக்கும். லேசான கன்று, கைக்கு அடக்கமான மடி. இன்றைக்குத் தொழுவத்தில் கட்டிவைத்து ஈனும் ஜெர்சி கலப்பு, ஃபிரீசியன் கலப்பு மாடுகளில் கன்று பெரியது, பிரசவம் இழுக்கிறது, மடி தொங்குகிறது. இழுபறிப் பிரசவத்தில் வந்த கன்று களைத்துப்போய் எழவே நேரமாகும். அதனால் தாயோடு விட்டுவிட்டோம், அது குடித்திருக்கும் என்று நம்புவதும் ஒருவகையில் ஏமாற்றுதான். காம்பைச் சப்புகிற சத்தம் கேட்டால் குடித்ததாக அர்த்தமில்லை. எத்தனை லிட்டர் உள்ளே போனது என்பதுதான் கேள்வி.

அதிகம் குடித்தால் கழிச்சல் வரும் என்ற பயமும் உண்டு. சீம்பால் லேசாக வயிற்றை இளக்கும், உண்மை. கன்றின் குடலில் தேங்கியிருக்கும் கரும்பச்சை முதல் மலம் அப்படித்தான் வெளியே வர வேண்டும். மஞ்சளாக, பிசுபிசுவென்று போவதைப் பார்த்துப் பயந்து சீம்பாலை நிறுத்துவது தப்பு. தண்ணியாகப் பீச்சி, கண் குழிவிழுந்து, கன்று சோர்ந்து படுத்தால் அது நோய். அதற்குச் சீம்பால் காரணமில்லை, பெரும்பாலும் சீம்பால் போதாததுதான் காரணம்.

எத்தனை லிட்டர்? ஒரு கணக்கு

பொதுவாகச் சொல்லும் விதி: உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் ஊட்டலில், இருபதில் ஒரு பங்கு அடுத்த 8 முதல் 12 மணி நேரத்துக்குள். இது எங்கிருந்து வந்தது என்று 30 கிலோ கன்றை வைத்துப் பார்ப்போம்.

1. கன்றின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் நீங்கலான நீர்ப்பகுதி உடல் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம். 30 கிலோவுக்கு 2.7 லிட்டர்.

2. அந்த நீர்ப்பகுதியில் லிட்டருக்கு 10 கிராம் ஐஜிஜிகூட இல்லையென்றால் 'தோல்வி' என்று கணக்கு. அது பழைய பாஸ் மார்க். 2020இல் அமெரிக்க நிபுணர்கள் சேர்ந்து தரவரிசையை மாற்றினார்கள்: 25க்கு மேல் மிக நன்று, 18 முதல் 25 வரை நன்று, 10 முதல் 18 வரை சுமார், 10க்குக் கீழே மோசம். நாம் 25ஐக் குறிவைப்போம். 2.7ஐ 25ஆல் பெருக்கினால் 67.5 கிராம்.

3. குடித்ததெல்லாம் ரத்தத்துக்குப் போகாது. நேரத்துக்குக் கொடுத்தாலும் சுமார் 30 சதவீதம்தான் போய்ச் சேரும். அப்படியானால் வாய்வழியே போக வேண்டியது 225 கிராம்.

4. நல்ல சீம்பாலில் லிட்டருக்கு குறைந்தது 50 கிராம் ஐஜிஜி இருக்க வேண்டும். 225 கிராமுக்கு நாலரை லிட்டர். முதலில் 3 லிட்டர், பிறகு ஒன்றரை லிட்டர். மேலே சொன்ன விதி அப்படியே வந்துவிட்டதா?

இரண்டாம் தடவை கொடுக்கும்போது குடல் பாதிக்கு மேல் மூடியிருக்கும் என்பதால் முதல் தடவையை முடிந்தவரை பெரிதாக வைத்துக்கொள்வது நல்லது. தராசு இல்லாத வீட்டில், ஆள் எடை பார்க்கும் மெஷினில் கன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தனியாக ஒரு தடவை ஏறி நின்று கழித்துக்கொண்டால் எடை தெரிந்துவிடும். தூக்க முடியாத கன்றென்றால் 30 கிலோவுக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளலாம்!

மஞ்சள் நிறத்தை நம்பாதீர்கள்

கெட்டியாக, மஞ்சளாக இருந்தால் நல்ல சீம்பால் என்று கண்ணால் முடிவுசெய்வது எல்லோருக்கும் பழக்கம். நிறம் மாட்டுக்கும் தீவனத்துக்கும் ஏற்ப மாறும், கெட்டி கொழுப்பினாலும் வரும். ஐஜிஜியைக் கண்ணால் அளக்க முடியாது. ஆனால் அளப்பதற்கான கருவி கரும்பு விவசாயிக்கு ஏற்கெனவே பழக்கமானது. கரும்புச் சாற்றில் பிரிக்ஸ், அதாவது சர்க்கரையின் அளவு பார்க்க, கண்ணில் வைத்து வெளிச்சத்துக்குக் காட்டுவார்களே ஒரு சின்னக் குழாய், அதே ரிஃப்ராக்டோமீட்டர்தான். ஒரு சொட்டு சீம்பாலைக் கண்ணாடியில் விட்டு மூடிப் பார்த்தால் 22 அல்லது அதற்குமேல் காட்ட வேண்டும். அது லிட்டருக்கு 50 கிராம் ஐஜிஜிக்குச் சமம். 18க்குக் கீழே என்றால் அதை முதல் ஊட்டலுக்கு நம்ப வேண்டாம். பத்து மாடு வைத்திருப்பவருக்கு இந்தக் கருவி ஒரு கன்றின் வைத்தியச் செலவில் முடிந்துவிடும். இரண்டு மாடு வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

தரம் மாட்டுக்கு மாடு எப்படி மாறும்? தலையீற்றுக் கிடேரியின் சீம்பாலைவிட, மூன்று நாலு ஈத்து கண்ட மாட்டினுடையது பெரும்பாலும் வளமாக இருக்கும். நிறைய நோய்களைப் பார்த்த உடம்பு அல்லவா. சினையில் போட்ட தடுப்பூசியின் பலனும் சீம்பாலில்தான் இறங்கும். வெளியூரிலிருந்து ஈனும் தறுவாயில் வாங்கி வந்த மாட்டின் சீம்பாலில், உங்கள் தொழுவத்துக் கிருமிகளுக்கான எதிர்ப்புப் பொருள் குறைவாக இருக்கலாம். இதற்கெல்லாம் மேலே, கறப்பதைத் தள்ளிப்போடுவது. ஈன்றதும் இரண்டு மணி நேரத்தில் கறந்த சீம்பாலோடு ஒப்பிட்டால், 6 மணி நேரத்தில் கறந்ததில் ஐஜிஜி 17 சதவீதம் குறைவு, 10 மணி நேரத்தில் 27, 14 மணி நேரத்தில் 33 சதவீதம் குறைவு என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மடியில் புதுப் பால் ஊறி, இருப்பதை நீர்த்துப்போகச் செய்கிறது. இளங்கொடிக்காகக் காத்திருப்பவர் இரண்டு பக்கமும் இழக்கிறார்: குடல் மூடிக்கொண்டே போகிறது, சீம்பாலும் நீர்த்துக்கொண்டே போகிறது.

தாயிடம் சீம்பால் இல்லாவிட்டால்

தாய் செத்துப்போகலாம், மடிநோய் வந்திருக்கலாம், பால் சுரம் (ஈன்றதும் உடம்பில் சுண்ணாம்புச் சத்து குறைந்து வரும் நோய்) கண்டு படுத்திருக்கலாம், இறங்கிய பால் பிரிக்ஸில் தேறாமல் போகலாம். அப்போது என்ன வழி என்று, என் கணிப்பில் முதலில் நிற்பதிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

1. இன்னொரு மாட்டின் முதல் கறவைச் சீம்பால். அன்றைக்கே ஈன்ற மாடு பக்கத்தில் கிடைப்பது அதிர்ஷ்டம். உறையவைத்து வைத்திருப்பது ஏற்பாடு. கன்று குடித்து மிச்சமான முதல் கறவையை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கழுத்துக்குக் கொஞ்சம் கீழேவரை ஊற்றி, மாட்டின் பெயரும் தேதியும் எழுதி ஃப்ரீசரில் வைத்தால் போதும். மைனஸ் 20 டிகிரியில் ஒரு வருஷம்வரை கெடாது. வீட்டு ஃப்ரிட்ஜை நாளைக்கு நாற்பது தடவை திறக்கிறோம், கரண்டும் போய்ப்போய் வரும், அதனால் ஆறு மாதத்தில் மாற்றிக்கொள்வது உத்தமம். உருக்கும்போதுதான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். அடுப்பில் வைக்கக் கூடாது. கை வைத்தால் பொறுக்கிற சூட்டில், அதாவது 50 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் பாட்டிலை அமிழ்த்தி, ஆற ஆற வெந்நீர் மாற்றி உருக்க வேண்டும். கொதிநீரில் போட்டால் கடும்புதான் கிடைக்கும். கன்று வீசிய (கரு கலைந்த) மாடு, மடிநோய் கண்ட மாடு, ரத்தம் கலந்த பால், இவற்றிலிருந்து எடுத்து வைக்காதீர்கள். கன்று வீச்சை உண்டாக்கும் புருசெல்லா, காசநோய், தீராக் கழிச்சல் தரும் ஜோன்ஸ் நோய் ஆகியவற்றின் கிருமிகள் சீம்பால் வழியாகவும் போகும், உறையவைப்பதால் சாகாது.

2. சீம்பால் மாற்றுப் பொடி. உண்மையான மாற்றுப் பொடி என்றால் மாட்டின் சீம்பாலையே உலர்த்தித் தயாரித்ததாக இருக்கும், சில நாடுகளில் மாட்டு ரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்து எடுத்ததும் உண்டு. பாக்கெட்டைத் திருப்பி ஒரே ஒரு எண்ணைத் தேடுங்கள்: ஒரு வேளைக்கு எத்தனை கிராம் ஐஜிஜி? 100 கிராமோ அதற்கு மேலோ இருந்தால்தான் மாற்று என்ற பெயருக்குத் தகுதி. நம் 30 கிலோ கன்றுக்கு 100 கிராம் கொடுத்தால், 30 சதவீதம் போய்ச் சேர்ந்து, லிட்டருக்கு 11 கிராம் வரும். பழைய பாஸ் மார்க்கை அப்படியே உரசிக்கொண்டு தாண்டுகிறது, அவ்வளவுதான். 25ஐத் தொட இரண்டேகால் பாக்கெட் வேண்டும். அந்த விலையைப் பார்த்தபின் ஃப்ரீசர் பாட்டிலின் அருமை தெரியும்.

3. துணைப் பொடி. ஒரு வேளைக்கு 25 கிராம், 50 கிராம் ஐஜிஜி என்று போட்டிருந்தால் அது மாற்று கிடையாது. சுமாரான சீம்பாலோடு சேர்த்துக் கொடுக்கும் கூடுதல். 25 கிராம் பொடியை மட்டும் நம்பினால் அதே கன்றுக்கு ஒன்பது பாக்கெட் கலக்க வேண்டும். கிராமே போடாமல் 'எதிர்ப்புச் சக்தி தரும்', 'வைட்டமின், தாது உப்பு, நல்ல பாக்டீரியா நிறைந்தது' என்று மட்டும் எழுதியிருந்தால் அதை ஊட்டச்சத்துப் பொடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கன்று வளர்ந்தபின் கொடுக்கலாம், முதல் ஆறு மணி நேரத்துக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

4. முட்டை, விளக்கெண்ணெய், பால். இது பல காலமாகக் கால்நடைக் கையேடுகளில் வருவது. அளவு இடத்துக்கு இடம் மாறும். சுமாராக ஒரு முட்டை, அரை லிட்டர் பால், கால் லிட்டருக்குச் சற்று மேல் வெதுவெதுப்பான தண்ணீர், அரைத் தேக்கரண்டி விளக்கெண்ணெய், நாளுக்கு மூன்று வேளை. விளக்கெண்ணெய் முதல் மலத்தை வெளியேற்றும், முட்டையும் பாலும் தெம்பு தரும். ஆனால் மாட்டின் ஐஜிஜி இதில் துளிகூடக் கிடையாது. முட்டை மஞ்சள் கருவில் எதிர்ப்புப் புரதம் இருக்கிறதே என்றால், இருக்கிறது, அது கோழி சந்தித்த நோய்களுக்காகக் கோழி தயாரித்தது. வேறு ஒன்றும் கிடைக்காத இரவில் கன்று பட்டினி கிடக்காமல் இருக்க இதைக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, சீம்பால் கொடுத்தாயிற்று என்று மட்டும் நிம்மதியாகப் போய்ப் படுக்காதீர்கள். அந்தக் கன்று எதிர்ப்பு இல்லாத கன்று. அடுத்த ஒரு மாதம் அதைத் தனியாக, உலர்ந்த இடத்தில் வைத்துக் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும், டாக்டரிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

கடையில் 'மில்க் ரீப்ளேசர்' என்று கேட்டால் வேறொரு பொடி கிடைக்கும். அது பாலுக்கு மாற்று, சீம்பாலுக்கு இல்லை. சில நாள் கழித்து, தாய்ப்பாலை விற்பதற்காகக் கன்றுக்குக் கலக்கிக் கொடுப்பது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் மாறிப்போகிறது, வாங்கும்போது கவனம்.

எப்படிக் கொடுப்பது

சுத்தமான கை, கழுவித் துடைத்த காம்பு, வெந்நீரில் அலசிய பாத்திரம். கறந்த சீம்பாலை வெயில்காலத்தில் அப்படியே இரண்டு மணி நேரம் வைத்தால் கிருமி பல மடங்காகும், அந்தக் கிருமிகள் ஐஜிஜி குடலைக் கடப்பதையே தடுக்கும். உடனே கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், அதுவும் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம்.

ரப்பர் காம்பு மாட்டிய பாட்டில் சிறந்தது. கன்று சப்பும்போது உணவுக்குழாய்ப் பள்ளம் குழாய்போல மூடி, பால் முதல் மூன்று வயிற்றறைகளைத் தாண்டி நேராக நாலாம் வயிற்றுக்குப் போகும். தலை தாயிடம் குடிக்கும்போது இருக்கும் உயரத்தில் இருக்கட்டும். மருந்து புகட்டுவதுபோல மூங்கில் குழாயை வாயில் நுழைத்து, தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் முடியும். சப்பத் தெம்பில்லாத கன்றுக்கு வயிறுவரை போகும் குழாய் இருக்கிறது. அதைப் பழகிய கைதான் நுழைக்க வேண்டும், டாக்டரிடம் ஒருமுறை பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

கிடைக்காத கன்று என்ன ஆகும்

சீம்பால் சேராத கன்று அன்றைக்கே சாவதில்லை, அதுதான் சிக்கல். துள்ளும், குடிக்கும், நன்றாகவே இருக்கும். ஒரு வாரம் கழித்துக் கழிச்சல், அப்புறம் தொப்புள் வீக்கம், மூட்டு வீக்கம், ஒரு மாதத்தில் சளி. யாரும் அதை முதல் நாளோடு முடிச்சுப்போட மாட்டார்கள், பனி ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள், தண்ணீரைக் குறை சொல்வார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்து 2016இல் போட்ட கணக்குப்படி, ஐஜிஜி சேராத கன்றுகளுக்குச் சாவு அபாயம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல், மூச்சுநோய் அபாயம் 1.75 மடங்கு, கழிச்சல் 1.5 மடங்கு.

பிழைத்தாலும் கடன் தீராது. அமெரிக்காவில் பிரவுன் சுவிஸ் என்ற மாட்டினக் கன்றுகளில், பிறந்ததும் சிலவற்றுக்கு 2 லிட்டர், சிலவற்றுக்கு 4 லிட்டர் சீம்பால் கொடுத்துப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். 4 லிட்டர் குடித்தவை வேகமாக வளர்ந்ததோடு, இரண்டு கறவைக் காலம் முடிவதற்குள் சுமார் 1,000 கிலோ பால் கூடுதலாகக் கொடுத்திருந்தன. ஒரே ஆய்வு, வேறு நாட்டு மாடு, நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கிடேரிக் கன்றுக்கு மறுக்கும் இரண்டு லிட்டர், வேறெங்கோ கணக்கில் ஏறுகிறது என்பது தெரிகிறது. காளைக்கன்று என்றால் இந்தக் கவனமே இல்லாமல் போவது வேறு கதை.

உள்ளே போனது ரத்தத்தில் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், ஒன்று முதல் ஏழு நாளுக்குள் டாக்டர் எடுக்கும் ரத்த மாதிரியின் தெளிநீரை அதே ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டுப் பார்க்கலாம். பிரிக்ஸ் 8.4க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தேறிவிட்டது.

அப்போ கடும்பு கிண்டக் கூடாதா?

கிண்டலாம். இந்தப் பாலைச் சொசைட்டியில் எப்படியும் ஊற்ற முடியாது, காய்ச்சினால் திரியும் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதல் கறவையில் கன்றுக்கு நாலரை லிட்டர் எடுத்து வைத்தபின், மிச்சமிருந்தால் ஃப்ரீசருக்கு இரண்டு பாட்டில். அடுத்த நாள் மூன்றாம், நாலாம் கறவையிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கறவைப் பாலில் செய்தது கல்லுமாதிரி இறுகும், அதனால்தான் அதில் சாதாரணப் பால் கலந்து இளக்குவார்கள். மூன்றாம் கறவையில் புரதம் ஏற்கெனவே இறங்கியிருப்பதால், பால் கலக்கும் வேலைகூட மிச்சம்.